எம்பெக்கே தூண்களும் என் மகளின் கேள்வியும்

கண்டியிலிருந்து கம்பளைக்குப் போகும் பாதையில் பேராதனையைத் தாண்டிச் சிறிது தூரம் வந்தால் எங்கள் கெலிஓயா. மகாவலி கங்கை அருகே ஓடுகிறது. மலைநாட்டுக்குச் செல்லும் புகையிரதம் ஊரை ஊடறுத்துப் போகிறது. சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால், எதிரே மலைகள் பனிக்குள் மறைந்து நிற்கும். கடைத்தெருவில் முதல் தேநீர் கொதிக்கும் நேரத்தில் அந்தப் பனி மெல்லக் கலையும்.

வெளியூர் உறவினர்கள் வந்தால் பேராதனைப் பூந்தோட்டத்துக்கும் கண்டி வாவிக்கும் அழைத்துப் போவோம். ஆனால் எங்கள் ஊரிலிருந்து உள்வீதிகள் வழியே சிறிது நேரத்தில் போய்ச் சேரக்கூடிய எம்பெக்கேயை, நாற்பது வயது தாண்டிய நான், அண்மைக்காலம் வரை பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருப்பதன் அருமை நமக்குத் தெரிவதில்லை அல்லவா? அந்தக் குறையை நீக்கி வைத்தவள் என் மகள்.

ஒரு படிவம், ஒரு கேள்வி

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். ஒன்பதாம் தரத்திலிருந்து பத்தாம் தரத்துக்குப் போகும் பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சைக்கு எடுக்கும் தொகுதிப் பாடங்களைக் குறித்துக் கொடுக்கும் படிவம் அது. அழகியல் பாடங்கள் உள்ள தொகுதியில் ஒன்றைத்தான் எடுக்கலாம். அதில் சித்திரமும் இருக்கிறது, அரபு இலக்கிய நயமும் இருக்கிறது. அரபுக் கல்லூரியில் ஓதியவன், பாடசாலையில் மௌலவி ஆசிரியன் நான். என் மகள் எதை எடுப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"வாப்பா, நான் சித்திரம் எடுக்கட்டா?" என்றாள்.

"மௌலவிட மகள் சித்திரம் எடுத்தா ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தலையைக் குனிந்தபடி, "எனக்கு அது தானா வருது வாப்பா. தானா வாறத நான் என்ன செய்ய?" என்றாள்.

எத்தனையோ பேருடைய மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன எனக்கு, இதற்கு உடனே பதில் வரவில்லை. என் மனைவிதான் இடையில் புகுந்தாள். "அவட புத்தகத்தில எம்பெக்கே தூண் இருக்கு. பக்கத்திலதானே, ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்களேன். படிவத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றாள். அடுத்த விடுமுறை நாளில் மூவரும் முச்சக்கர வண்டியில் ஏறினோம்.

மரத்தில் பூத்த தோட்டம்

வழியெங்கும் வயல்களும் கமுகந் தோப்புகளும் மிளகுக் கொடிகளும். 14ஆம் நூற்றாண்டில் கம்பளை இராச்சியத்தின் இதயமாக இருந்த பகுதி இது. அருகருகே மூன்று பழைய கட்டடங்கள் உள்ளன. கடலாதெனியவும் லங்காதிலகவும் நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344இல் எழுந்தவை. அதே ஆண்டில்தான் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்து, பாவா ஆதம் மலையில் ஏறினார் என்பதை நினைத்தபோது உள்ளம் சிலிர்த்தது. கடலாதெனியவைக் கல்லில் அமைத்த சிற்பி கணேஸ்வராச்சாரி, தென்னிந்தியர். லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. இனம் பார்த்துக் கலையை ஒதுக்காத காலம் ஒன்று இந்த மண்ணில் இருந்திருக்கிறது.

மூன்றாவது இடம் எம்பெக்கே தேவாலயம். மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில் தோன்றியது. அது பிற சமயத்தாரின் வணக்கத்தலம். ஆகவே உள்ளே இருக்கும் கருவறைப் பக்கம் நாங்கள் போகவில்லை. முன்னால் நாற்புறமும் திறந்து நிற்கும் மேளக்காரர் மண்டபத்தில் இருக்கிறது உலகம் போற்றும் மரவேலை. அதை மட்டும் பார்த்தோம்.

வரிசை வரிசையாக மரத்தூண்கள். ஒவ்வொரு தூணும் சில இடங்களில் சதுரமாகவும் இடையில் எட்டுப் பட்டையாகவும் செதுக்கப்பட்டிருக்கிறது. சதுரமான இடத்தில் நான்கு முகத்திலும் நான்கு சித்திரம். கொடி, தாமரை, பின்னல் கோலம், அன்னம், குதிரை வீரன், மல்லர்கள், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் என்று எத்தனையோ! கணக்கெடுத்தவர்கள் மொத்தம் 514 செதுக்கல்கள் என்கிறார்கள். கொடிகளும் பூக்களுமே அதிகம். ஒரு கொடி போல் இன்னொரு கொடி இல்லை. இந்த மண்டபம் கம்பளையில் கைவிடப்பட்ட அரச சபா மண்டபத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. செதுக்கியவர் தெல்மட தேவேந்திர மூலாச்சாரி என்பது மரபு.

மகள் அண்ணாந்து பார்த்து, "வாப்பா, மேல பாருங்க!" என்றாள். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் விசிறிபோல் ஒன்றுகூடுகின்றன. அத்தனையையும் ஒரே ஒரு மர ஆப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. 'மடொல் குருப்பாவ' என்பது அதன் பெயர். கீழே நடப்பவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தலையை உயர்த்தி அதைப் பார்ப்பார்கள்? யாரும் பார்க்காத உயரத்திலும் அந்தத் தச்சன் தன் வேலையில் குறை வைக்கவில்லை.

எனக்கு 'இஹ்ஸான்' என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு காரியத்தையும் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் கடமையாக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்த ஹதீஸைப் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை பாடமாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அதன் பொருளை ஒரு கூரை ஆப்பிலே கண்ணால் கண்டது அன்றுதான்.

ஆசை பிறகுதான் வந்தது

திரும்பும் வழியில் பாதையோரம் மரச்செதுக்குப் பட்டறைகள் இருக்கின்றன. ஒன்றில் நுழைந்தோம். பலா மரத்தூளின் வாசனை. ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர் ஒருவர் தரையில் அமர்ந்து, ஒரு பலகையில் கொடி செதுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, மரியாதையாக ஆசனம் தந்தார்.

"பாஸ் உன்னஹே, நீங்கள் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்? சிறு வயதிலேயே விருப்பமா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் சிரித்தார். "விருப்பமா? எனக்கு ஓடி விளையாடத்தான் விருப்பம், மௌலவி மஹத்தயா. தாத்தா பிடித்து உட்கார வைத்து 'வக தெக' போடச் சொன்னார். மாதக் கணக்கில் அதையே போட்டேன். கை பழகியது. கை பழகிய பிறகுதான் ஆசை வந்தது. இப்போது ஒரு நாள் உளி பிடிக்காவிட்டால் இரவில் தூக்கம் வராது" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பனார்.

'வக தெக' என்பது இரண்டு வளைவு. சிங்களச் சித்திர மரபில் பிள்ளைகள் முதலில் பழகும் கோடு அது. அதிலிருந்துதான் கொடி பிறக்கும், இலை பிறக்கும், அன்னத்தின் கழுத்தும் பிறக்கும்.

நான் வியந்து போனேன். ஏனென்றால் நம் அரபு எழுத்துக் கலையும் இப்படித்தான் தொடங்குகிறது. பக்தாதில் அமைச்சராக இருந்து, 940இல் மறைந்த இப்னு முக்லா, எழுத்துக்கு ஓர் அளவை வகுத்தார். நாணல் பேனாவை ஒரு முறை அழுத்தினால் விழும் நுக்தா, அதாவது புள்ளிதான் அந்த அளவுகோல். அலிஃப் எத்தனை புள்ளி உயரம், பே எத்தனை புள்ளி அகலம் என்று மாணவன் மாதக் கணக்கில் பழக வேண்டும். அங்கே இரட்டை வளைவு, இங்கே ஒரு புள்ளி. வாசல்கள் வேறு, ஆனால் பொறுமை என்ற படிக்கட்டு ஒன்றுதான்.

புள்ளியைப் பார்த்த சிறுவன்

புள்ளி என்றதும் இந்தியாவின் புகழ்பெற்ற ஓவியர் சையத் ஹைதர் ரஸாவின் ஞாபகம் வருகிறது. 1922இல் மத்தியப் பிரதேசத்தின் காட்டோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். படிப்பில் மனம் ஒட்டாத துடுக்குப் பையன். ஒரு நாள் ஆசிரியர் பள்ளிச் சுவரில் ஒரு புள்ளியை இட்டு, அதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்கார வைத்தார். அலைந்த மனம் அதில் நின்றது. பின்பு பம்பாயில் படித்து, 1950இல் பாரிஸ் சென்று பெயர் பெற்றார். பல்லாண்டுகள் கழித்து அவருடைய ஓவியங்களின் நடுவே ஒரு பெரிய கரும்புள்ளி வந்து அமர்ந்தது. 2016இல் மறையும்வரை அவர் கைவிடாதது அந்தப் புள்ளிதான். அடிக்காமல் திட்டாமல் ஒரு புள்ளியை இட்ட அந்த ஆசிரியரை நினைத்துப் பாருங்கள்.

எல்லோருக்கும் சிறு வயதிலேயே வழி தெரிந்துவிடுவதில்லை. உஸ்மானியப் பேரரசின் கட்டடக் கலைஞர் ஸினான், இளமையில் படைவீரர். தச்சு வேலை கற்று, படை கடக்கப் பாலங்கள் அமைத்தவர். 1539இல் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. துருக்கியின் எதிர்னே நகரில் ஸெலிமிய்யா பள்ளிவாசலை 1575இல் முடித்தபோது எண்பதைத் தாண்டியிருந்தார்.

நம் கண்டிப் பகுதியிலேயே அப்படி ஒரு கதை உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் நிலவியல் படித்து, 1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குப் பொறுப்பாக வந்தார். கல்லைத் தேடி மலைநாடெங்கும் நடந்தவரின் கண்ணில் பட்டது, அழிந்துகொண்டிருந்த கைவினை. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததும் கலைஞர்களை ஆதரித்த அரசவை போய்விட்டது. இராஜகாரிய முறையும் 1832இல் ஒழிந்தது. பரம்பரைக் கைவினைஞரின் பிள்ளைகள் வேறு பிழைப்புத் தேடினார்கள். இதைக் கண்டு மனம் நொந்த அந்த அறிஞர், கல்லை விட்டுக் கலையைப் பிடித்துக்கொண்டார். மத்திய காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. பிற்காலத்தில் உலகமே போற்றும் கலையறிஞரானார்.

பெண்களின் கைகள்

சகோதரிகளே, இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு பகுதி உண்டு. குமாரசுவாமியின் முதல் மனைவி எதெல், அந்தப் பயணங்களில் கூடவே சென்றார். கைவினைஞர்களையும் அவர்களது வேலையையும் புகைப்படம் எடுத்தார். கண்டிப் பெண்களின் பூத்தையல் வேலையை ஊன்றிக் கவனித்தார். நாடு திரும்பிய பின் அவரே தறியில் அமர்ந்தார். இலை, பட்டை, வேர்களிலிருந்து சாயம் எடுக்கும் முறைபற்றி 1916இல் நூல் எழுதினார். எதெல் மைரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் கைத்தறிக் கலைக்கு மறுவாழ்வு தந்தவர்களில் ஒருவராக விளங்கினார். கணவருக்குத் துணையாக வந்த பயணத்தில் தம்முடைய வழியையும் கண்டுகொண்டார்.

நம் சமுதாயத்திலும் இப்படிப்பட்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். பக்தாதில் 1178இல் மறைந்த ஷுஹ்தா என்ற அம்மையாரை 'அல்காத்திபா', அதாவது எழுத்துக் கலைஞர் என்று அழைத்தார்கள். அழகிய கையெழுத்துக்குப் புகழ்பெற்ற அவர், பெரிய ஹதீஸ் ஆசிரியையும் ஆவார். ஆண்கள் பலர் அவரிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். துருக்கியில் எஸ்மா இப்ரத் என்ற பெண், நபி (ஸல்) அவர்களின் அங்க அடையாளங்களை வர்ணிக்கும் 'ஹில்யா'வை 1795இல் அழகிய எழுத்தில் வரைந்தபோது அவருக்கு வயது பதினைந்து. என் மகளின் வயதுதான்!

அப்போது என் உம்மாவின் ஞாபகம் வந்தது. உம்மா தொப்பி பின்னுவார். வீட்டு வேலை முடிந்து, நாங்கள் தூங்கிய பின் குப்பி விளக்கடியில் அமர்ந்து பின்னுவார். ஒவ்வொரு தொப்பியிலும் ஒரு புதிய பூ. எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்ததில்லை. தொப்பி ஒன்றுக்குக் கிடைத்தது சொற்பக் காசு. பூ இல்லாமல் பின்னினாலும் அதே காசுதான். பிறகேன் அந்தப் பூ? அதை நான் ஒரு நாளும் உம்மாவிடம் கேட்கவில்லை. இன்று கேட்க உம்மா இல்லை. அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக.

காசு வயிற்றுக்கு, அந்தப் பூ மனத்துக்கு. பட்டறைக்காரரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். சுற்றுலாப் பயணிகள் வாங்கும் சிறு யானைகளைப் பகலில் செய்கிறார். குடும்பம் அதில்தான் நடக்கிறது. மாலையில் ஒரு மணி நேரமாவது அந்தக் கொடிப் பலகையைச் செதுக்குகிறார். அதற்கு இன்னும் யாரும் விலை கேட்கவில்லையாம்.

எழுத்துக் கலைஞர் யாகூத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்வார்கள். 1258இல் மங்கோலியர் பக்தாதைச் சூறையாடியபோது அவர் ஒரு மினாராவில் ஏறி ஒளிந்துகொண்டாராம். எழுதக் காகிதம் இல்லை. அங்கும் சும்மா இருக்க முடியாமல் ஒரு துணியில் எழுதிப் பழகினாராம். நகரம் எரியும்போதும் எழுத வைக்கிற ஒன்று சிலருடைய நெஞ்சில் இருக்கிறது.

என்னுடைய தவறு

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் ஏழாம் தரத்தில் ஒரு மாணவி இருந்தாள். ஹதீஸை எழுதச் சொன்னால் அழகாக எழுதி, அதைச் சுற்றி ஒரு பூங்கொடியும் வரைந்து வருவாள். "பாடத்தை எழுதுங்க, படம் தேவையில்ல" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, புள்ளியையும் குறைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளுடைய கொப்பி வெறுமையாகவே வந்தது. நானும் அதைத் திருத்தம் என்று நினைத்துத் திருப்தியடைந்தேன்.

கடந்த வருடம் ஒரு கல்யாண வீட்டில், இரண்டு பிள்ளைகளின் தாயாக அவளைக் கண்டேன். "இப்பவும் வரைவீங்களா மகள்?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்கதானே ஸேர் வேணாம் என்டு சொன்னீங்க" என்றாள். கோபமே இல்லாத குரல். அதுதான் என்னை அதிகம் சுட்டது. பொறாமையோடு யாரோ பிடுங்கியிருந்தால் அவள் திருப்பிப் பிடித்திருப்பாள். மரியாதைக்குரிய ஆசிரியன் சொன்னதால் கேட்டுக்கொண்டாள்.

மார்க்கம் அந்தக் கொடியைத் தடுத்ததா? உயிருள்ளவற்றின் உருவங்களைப் படைப்பது பற்றிய எச்சரிக்கைகள் நமக்குத் தெரியும். அதன் எல்லைகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்து கேட்டபோது, உமது தொழிலை விட்டுவிட்டுப் பட்டினி கிட என்று சொல்லவில்லை. மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழி காட்டினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. தடுக்கும்போதே ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள் பாருங்கள்! நானோ திறந்திருந்த கதவையே மூடியிருக்கிறேன்.

இன்னொரு ஹதீஸும் நினைவுக்கு வந்தது. எல்லாம் முன்பே விதிக்கப்பட்டிருக்க நாம் ஏன் செயல்பட வேண்டும் என்று தோழர்கள் கேட்டபோது, செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் அவர் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது இலகுவாக்கப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். விதியைப் பற்றிய பெரிய பாடம் அது. அதிலிருந்து நான் எனக்கென எடுத்துக்கொண்ட படிப்பினை ஒன்று உண்டு. இலகு என்பது கஷ்டமில்லாதது என்று பொருளல்ல. பட்டறைக்காரரின் விரல்களில் உளிக் காயங்கள் இருந்தன. உம்மாவின் கண்கள் விளக்கடியில் மங்கின. அந்தக் கஷ்டம் அவர்களுக்குச் சுமையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். எந்த வேலையின் கஷ்டத்தைப் பிள்ளை முணுமுணுக்காமல் தாங்குகிறதோ, அங்கே அதன் பாதை இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும்.

படிவத்தில் கையொப்பம்

வீடு திரும்பியபோது மஃரிப் நெருங்கியிருந்தது. மகாவலியின் மேல் மெல்லிய இருள் இறங்கியிருந்தது. தொழுதுவிட்டு மகளை அழைத்தேன்.

"சித்திரம் எடுங்க. ஆனா ரெண்டு நிபந்தனை. பட்டறை பாஸ் சொன்ன மாதிரி, ஆசை இருந்தாலும் இல்லாட்டியும் ஒவ்வொரு நாளும் கை பழக வேணும். அரபு இலக்கியத்தை மஃரிபுக்குப் பிறகு வீட்டில என்னட்டப் படிக்க வேணும்."

"மனித உருவம் வரையச் சொன்னா வாப்பா?" என்று அவளே கேட்டாள்.

"அலங்காரக் கோலம், பூவேலை, பொருட்களைப் பார்த்து வரையிறது என்று அதில எவ்வளவோ இருக்கு. அத உங்கட கையால முதலாவதா வரைங்க. சந்தேகம் வாற இடத்தில ரெண்டு பேரும் கிதாபைத் திறந்து பார்ப்போம்" என்றேன். படிவத்தில் கையொப்பமிட்டேன். அவள் உம்மாவைப் பார்த்தாள். உம்மாவும் மகளும் கண்ணால் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் இன்னொரு வேலையையும் செய்தேன். கல்யாண வீட்டில் கண்ட என் பழைய மாணவியின் வீட்டுக்கு மனைவியை அனுப்பினேன். ஒரு கொப்பியும் ஒரு பெட்டி நிறப் பென்சிலும் கொடுத்து, "ஸேர் அன்றைக்குச் சொன்னது பிழை என்று சொல்லச் சொன்னார்" என்று சொல்லி வரச் சொன்னேன். அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு அழுதாளாம். வரைவாளா தெரியாது. அவளுடைய பிள்ளைகளின் கொப்பியில் யாரும் புள்ளி குறைக்காமல் அவள் பார்த்துக்கொள்வாள் என்று நம்புகிறேன்.

அன்புச் சகோதரிகளே! இன்றிரவு உங்கள் பிள்ளைகளின் கொப்பிகளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். விடைகளை மட்டும் பார்க்காமல் ஓரங்களையும் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். அங்கே ஒரு கொடி படர்ந்திருக்கலாம், ஓர் எழுத்து அழகாக வளைந்திருக்கலாம். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்று கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. கண்டிப் பக்கம் வந்தால் எம்பெக்கேக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அந்த மண்டபத்தில் நின்று, மறக்காமல் தலையை உயர்த்திக் கூரையைப் பாருங்கள்.